மேசன் கரண்டியை எடுப்பதற்கு முன்: யாழ்ப்பாணத்துப் பழைய தொழிற்சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குருநகருக்கும் பாசையூருக்கும் இடையில், கடலைப் பார்த்தபடி ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலை நிற்கிறது. முருகைக்கல்லும் (கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர், ஓட்டுக் கூரை, லொறி பின்பக்கமாக வந்து நிற்பதற்கு உயர்த்திக் கட்டிய முன்திண்ணை. கட்டியவரின் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வந்து அதைத் திருத்த முடிவெடுத்தபோது, அளவெடுத்துப் படம் கீற என்னைக் கூப்பிட்டார்கள். உள்சுவரின் பழைய பூச்சு வெடித்துக் கிடந்தது. முழுவதும் சீமெந்து பூசிவிடலாமா என்று கேட்டார்கள். நானும் சரி என்றேன்.

இரண்டு மாரி போனது. மேற்குச் சுவரில் மட்டும், தரையில் இருந்து இடுப்பளவு உயரத்துக்கு, புதுப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. விழுந்த ஒவ்வொரு பாளத்தின் முதுகிலும் முருகைக்கல்லின் தோல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் கையை வைத்தேன். உள்ளங்கையில் அரிசிமா போல வெள்ளைத் தூள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

நான்கு சுவர்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த நோய்? கடற்காற்று என்றார் ஒருவர். கடல் இருப்பது தெற்கே. மணல் கழுவாதது என்றார் இன்னொருவர். அதே மணல்தான் மற்ற மூன்று சுவர்களிலும் இருக்கிறது. பதில் தெரிந்தவர் இரண்டு ஒழுங்கை தள்ளித் தன் வீட்டு விறாந்தையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். இளவயதில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். "பிள்ளை, அந்தச் சுவரோடுதான் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது" என்றார். அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டு வருடமும் ஒரு சுவரின் தோலும் செலவான கேள்விக்கு, அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியம்.

பழைய ஐஸ் தொழிற்சாலைகளில் பெரிய தொட்டி நிறைய உப்புக் கரைசலை வைத்து, அமோனியாக் குழாய்களால் அதைச் சுழியப் பாகைக்குக் கீழே குளிராக்குவார்கள். உப்புக் கரைந்திருப்பதால் அந்த நீர் உறையாது. நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை அதற்குள் இறக்கினால் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் கட்டியாகிவிடும். பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் சிந்தும். பல வருடமாகச் சிந்திய உப்பு முழுவதும் சுவருக்குள் போய்க் குடியிருந்தது. தொட்டியை எப்போதோ உடைத்து அகற்றியிருந்தார்கள். அதன் தடம் கூடத் தரையில் இல்லை.

அன்று முதல் எந்தப் பழைய தொழிற்சாலைக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அங்கே வேலை செய்த ஒருவரைத்தான். அந்தக் கட்டடத்துக்குள் என்ன வேலை நடந்தது, எது எங்கே நின்றது, எது எங்கே சிந்தியது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது. யாழ்ப்பாணத்தில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

சுவர் மூச்சு விடவேண்டும்

சீமெந்துப் பூச்சைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அதிகம் நடக்கும் தவறும், திருத்துவதற்குக் கடினமான தவறும் இதுதான்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். முருகைக்கல்லும் அப்படித்தான், உள்ளே நுண்துளை நிறைந்தது. நிலத்தில் இருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரின் மேற்பரப்புக்கு வரும். ஈரம் காய, உப்பு மணியாகத் திரளும். திரளும் மணி துளையின் சுவரை நெரித்து உடைக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் இந்த உடைவு பூச்சோடு நின்றுவிடும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பூச்சை உதிர்த்துவிட்டு மறுபடி பூசினால் போதும். கல்லுக்குப் பதிலாகப் பூச்சு தேய்வதற்காகவே முன்னோர் அதைப் பூசினார்கள். அடர்த்தியான சீமெந்து பூசும்போது வெளியேறும் வழி அடைபட்டுவிடுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லின் முகத்திலேயே திரள்கிறது. பிறகு விழுவது பூச்சு மட்டுமல்ல.

பிளாஸ்ரிக் கலந்த பெயின்ற் இதே தீமையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். தண்ணீரைப் பீய்ச்சிச் சுவரைக் கழுவுவது இன்னும் கெடுதல், வெளியே வந்த உப்பைக் கரைத்து மறுபடி உள்ளே அனுப்பிவிடும். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விரித்த சாக்கில் சேர்த்து, வளவுக்கு வெளியே கொண்டுபோகவேண்டும். சுவரின் அடியிலேயே விட்டால் அடுத்த மழையில் அது திரும்பவும் ஏறும்.

இதன் மறுபக்கமாக ஒரு புது நாகரிகமும் வந்திருக்கிறது. பழைய கட்டடத்தில் தேநீர்க்கடையோ விடுதியோ தொடங்குகிறவர்கள், கல் தெரிந்தால் அழகு என்று பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிடுகிறார்கள். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் முருகைக்கல் வெளியே காட்டுவதற்கென்று அடுக்கப்பட்டதல்ல. உப்புக் காற்றிலும் மாரி மழையிலும் அது கரும்புச் சக்கை போலாகிவிடும். அந்தக் கல்லை இனி வாங்கவும் முடியாது. கடலில் முருகைக்கல் அகழ்வது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது, தடுக்கப்படவும் வேண்டும். ஆகவே எங்காவது ஒரு பழைய சுவரை இடித்தே தீரவேண்டும் என்றால், அந்தக் கற்களை லொறியில் ஏற்றிப் பள்ளம் நிரப்ப அனுப்பாதீர்கள். வளவின் மூலையில் அடுக்கி வையுங்கள். அடுத்த சுவரைத் திருத்த அவைதான் வேண்டும்.

வயது சொல்லும்போது

வரலாறு எழுதுவதில் நடக்கும் தவறுகள் வேறு வகை. பழைய கட்டடம் என்றாலே "வெள்ளைக்காரன் காலத்தது" என்று சொல்லிவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைப் பற்றி ஒரு இளைஞர் என்னிடம் அப்படித்தான் சொன்னார். அது சுதந்திரத்துக்குப் பிறகு, ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அரச தொழிற்சாலை. குடாநாட்டின் அடித்தளமாகக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை அங்கேயே அகழ்ந்தார்கள். களிமண் மன்னார் மாவட்டத்தின் முருங்கனில் இருந்து வந்தது. பின்னாளில் காலியில் அமைந்த ஆலைக்கு அரைப்பதற்கான கிளிங்கர், அதாவது சூளையில் வெந்த சீமெந்துக் கட்டி, இங்கிருந்து போனது. ஒரு புதிய நாடு தன் வீடுகளையும் பாலங்களையும் தானே கட்டிக்கொள்ள எடுத்த முயற்சியின் பெரிய பங்கு அந்தச் சூளைகளில் வெந்தது. அதை வெள்ளைக்காரன் கணக்கில் எழுதினால், அங்கே வியர்வை சிந்தியவர்களின் பெருமையை யாருக்கோ தூக்கிக் கொடுத்தவர்களாவோம்.

ஒரு தொழிற்சாலையைத் தனியே வைத்து எழுதுவதும் குறைதான். சீமெந்து ஆலையைப் புகையிரதப் பாதையில் இருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1905இல் தெற்கோடு இணைந்த அந்தப் பாதை இல்லாவிட்டால் மூட்டைகள் எப்படிப் போயிருக்கும்? பரந்தனில் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள் என்று எழுதினால், மூலப்பொருளாக இருந்த ஆனையிறவு உப்பையும் சேர்த்து எழுதவேண்டும். ஐஸ் தொழிற்சாலையை எழுதினால் கரைக்கு வந்த மீனையும், அதைக் கொழும்புக்குக் கொண்டுபோன லொறியையும் எழுதவேண்டும்.

சிறிய தொழிற்சாலைகளுக்கு வயது பார்ப்பதில் காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் நம்பக்கூடாது. உறுதியில் இருப்பது காணி கைமாறிய திகதி. கட்டடம் அதற்கு இருபது வருடம் முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம். ஓட்டைப் பார்த்து வயது சொல்வதும் அப்படியே. ஓட்டின் பின்புறத்தில் மங்களூர் முத்திரையைக் கண்டதும் சிலருக்கு உடனே ஆண்டு தெரிந்துவிடுகிறது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது உண்மை, அந்த வகை ஓடுகள் இங்கே நிறைய வந்து இறங்கியதும் உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்து ஓடு ஒரு கூரையில் நிலைத்து இருந்ததில்லை. 1990இல் போரால் வலிகாமம் வடக்கு வெறுமையானது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. ஆளில்லாத கட்டடங்களின் ஓடும் கதவும் யன்னலும் தீராந்தியும் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்தவர்கள் கிடைத்ததைக் கொண்டு கூரை மேய்ந்தார்கள். ஆகவே 1950களில் கட்டிய கிட்டங்கியின் மேல் 1910இன் ஓடு கிடந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பிறகு எதை நம்புவது? தொழிலோடு ஒட்டிப் பிறந்த காகிதங்களை நம்பலாம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தபின் பதிவு நடந்திருக்கிறது. 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபின் தொழிலாளர் பெயர்களோடு பட்டியல்கள் இருக்கின்றன. பழைய தொழிலாளி ஒருவரின் அலுமாரியில் அவருடைய சேமலாப நிதி அட்டை இருந்தால், அது எந்த முதலாளியின் நினைவுக் குறிப்பையும் விட உறுதியான சான்று. விளம்பரங்களையும் விட்டுவிடாதீர்கள். ஈழகேசரி, ஈழநாடு போன்ற பழைய பத்திரிகைகளிலும், பாடசாலை ஆண்டு மலர்களிலும், கோயில் கும்பாபிஷேக மலர்களிலும் உள்ளூர்த் தொழிற்சாலைகள் பக்கம் பக்கமாக வாழ்த்துக் கூறியிருக்கின்றன. தொலைபேசி இலக்கம், தெருப்பெயர், சிலவேளை முன்வாசலின் படம் கூட அவற்றில் இருக்கும். நூலகம் எண்ணிம நூலகத்தில் இவற்றில் பலவற்றை வீட்டில் இருந்தபடியே புரட்டலாம். ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையின் பெயர் மலர்களில் எந்த வருடம் முதல் தோன்றுகிறது, எந்த வருடத்துக்குப் பின் காணாமல் போகிறது என்று குறித்துக்கொண்டு போனால், அதன் ஆயுள்கோடு ஏறக்குறைய கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, என் மனதை உறுத்துவது. எழுதப்படுகிற வரலாறுகளில் தொடக்கவிழாவுக்கு வந்த அமைச்சரும் முதலாளியும் மட்டும் பெயரோடு இருக்கிறார்கள். சுருட்டுக் கொட்டிலில் இலை கிழித்த பெண்ணும், சூளை வாயில் நின்றவரும் "தொழிலாளர்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு மாரியிலும் இரண்டு மூன்று மரண அறிவித்தல்களில் ஒரு தொழிற்சாலையின் அறிவு முழுவதும் போய்விடுகிறது. கட்டடத்தை அடுத்த வருடமும் அளக்கலாம். அவர்களை இந்த மாதமே போய்ப் பாருங்கள். வீட்டில் வைத்துப் பேசுவதோடு நிறுத்தாமல், முடிந்தால் கட்டடத்துக்குக் கூட்டிவாருங்கள். கதிரையில் இருந்து பேசும்போது நினைவுக்கு வராதது, அந்தத் தரையில் கால் பட்டதும் வரும். ஐஸ் தொழிற்சாலைக்கு அந்த ஐயாவைக் கூட்டிவந்தபோது, வெறும் தரையில் இல்லாத ஒரு தொட்டியைச் சுற்றி அவர் வளைந்து நடந்தார். அவர் நடந்த தடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கீறினேன். தொட்டியின் அளவு அப்படித்தான் கிடைத்தது.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது

சுன்னாகத்தை மறந்தவர்கள் இங்கே இருக்க முடியாது. சுன்னாகம் மின் நிலைய வளவைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், ஊர் முழுவதும் குடிதண்ணீருக்குப் பவுசரை எதிர்பார்த்துக் கான்களோடு நின்றதும் 2015ஐ ஒட்டிய காலத்தில் நடந்தவை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கும் மழைநீர். மண் போர்வை பல இடங்களில் மெல்லியது. மேலே ஊற்றிய எண்ணெயை வடிகட்ட அதற்கு வலுவும் நேரமும் இல்லை. எனவே பழைய ஆலை வளவில் இயந்திரம் நின்ற இடம், எண்ணெய்ப் பீப்பாய் அடுக்கிய இடம், கழிவுத் தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஆகிய மூன்றையும் படத்தில் குறிக்காமல் ஒரு கடப்பாரையைக் கூட இறக்கக்கூடாது. கறுத்துப் பிசுபிசுத்த மண்ணைக் கண்டால் அதைப் பரவி மேலே கொங்கிறீற் போட்டு மூடிவிடுகிறார்கள். கண்ணுக்கு மறையும், கிணற்றுக்கு மறையாது. திறப்புவிழாவுக்கு முன், முதற் செலவாக, வளவுக் கிணற்றின் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அயல் வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றை இங்கே சர்வசாதாரணமாகக் கையாள்கிறார்கள். பழைய சீற் கூரையில் கிடக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. அதை வாளால் அறுக்கும்போதும், உடைத்து விழுத்தும்போதும், கம்பித் தூரிகையால் பாசி சுரண்டும்போதும் பறக்கும் நார் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். அதன் நோய் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும், அதனால் யாரும் அஞ்சுவதில்லை. கழற்ற வேண்டுமானால் நனைத்து, ஆணியைத் தளர்த்தி, முழுச் சீற்றாக இறக்கவேண்டும். உடைந்த துண்டுகளைப் பாதைப் பள்ளம் நிரப்பக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் சைக்கிளில் போகும் பாதை அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுபட்ட இடங்களில் வெடிபொருள் அகற்றியதற்கான உறுதிப்படுத்தல் இல்லாமல் பற்றை வெட்டவோ கிணறு இறைக்கவோ கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள். தெரிந்தும் அவசரத்தில் தவறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூரை, காற்று, கம்பி

புகையிலைக் கிட்டங்கிகளின் முகட்டில் ஒரு சிறு கூரை தனியே உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாடம் போட்ட புகையிலையின் சூடும் நெடியும் வெளியேறுவதற்காக வைத்தது அது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குப் பக்கத்துச் சிறு யன்னல்களால் காற்று நுழைந்து முகட்டால் போகும். இதை மறித்துத் தட்டியடித்து, மின்குமிழ்களைப் பதித்து, குளிரூட்டி பூட்டினால், மாதம் தோறும் மின்கட்டணம் கட்டிப் பழைய காற்றை விலைக்கு வாங்குகிறீர்கள். தட்டிக்கு மேலே வௌவாலும் கறையானும் யாரும் காணாமல் குடியேறும். பனைமர வளைகளைக் கறையான் எளிதில் தொடாது என்ற நம்பிக்கை வைரம் பாய்ந்த மரத்துக்கு மட்டும் பொருந்தும். சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தில் உக்கியிருக்கும். வளையின் நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாமல் முனையைத் தோண்டிப் பாருங்கள்.

ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போடுவது இன்னொரு வழமை. ஓட்டுக் கூரையைக் காற்றில் பிடித்து வைப்பது அதன் பாரம். பாரத்தைக் குறைத்த பிறகு சுவரோடு இறுக்கிக் கட்டாவிட்டால், புயலில் கூரை மரத்தோடு எழும்பும். இடைத்தட்டு ஒன்றைக் கூரை மரங்களில் தொங்கவிடுவது அதற்கு நேர்மாறான பிழை, ஓட்டைச் சுமக்கச் செய்த மரத்தின் தலையில் ஐம்பது பேரை ஏற்றுவது. வேலை தொடங்கும் மாதத்தையும் பாருங்கள். ஆவணியில் கூரையைப் பிரித்தவர்கள் புரட்டாசி முடிவதற்குள் மூடிவிடுவோம் என்பார்கள். மூடியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஐப்பசி மழைக்கு எங்கள் கணக்குத் தெரியாது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழையை ஓட்டைக் கூரையின் கீழ் இருந்து கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தையிலோ மாசியிலோ தொடங்குங்கள்.

கொங்கிறீற் கட்டடங்களுக்குத் தனி நோய் உண்டு. கடற்கரைக் காற்றின் உப்பு உள்ளே இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் தூணின் மூலைகள் நெடுக்காக வெடிக்கின்றன. அந்த வெடிப்பைச் சீமெந்தால் பூசி மறைப்பது புண்ணின் மேல் சந்தனம் பூசுவது போன்றது. சிறு சுத்தியலால் தூண் முழுவதையும் தட்டிக்கொண்டே போனால், பொள்ளலாகச் சத்தம் வரும் இடங்கள் தெரியும். அந்த இடங்களைக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் மேலே ஒரு நாற்காலியையும் வைக்காதீர்கள்.

யாருடைய வளவு?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சட்டத்தரணி தனியே சொல்லவேண்டியது அதிகம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணிகளில் பிரிபடாத பங்குகள் சாதாரணம். மூன்று சகோதரர்கள் தொடங்கிய ஆலைக்கு இன்று பதினேழு உரித்தாளர்கள், நான்கு நாடுகளில். ஒருவருடைய வாய்ச்சம்மதத்தை நம்பிக் கூரைக்குப் பணம் போட்ட சங்கம் ஒன்று, மற்றொருவர் வந்து திறப்புக் கேட்டபோது வெளியே நின்றது. பங்கை விற்பதானால் இணை உரிமையாளருக்கும், விற்பவரின் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் முன்கொள்வனவு உரிமை இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதன் நடைமுறையைச் சொல்கிறது. அற்றோணித் தத்துவத்தின் நகலைக் கையில் வைத்திருப்பவரிடம், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேளுங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும்.

பழைய கட்டடம் என்பதால் தொல்பொருள் சட்டம் தானாகவே காக்கும் என்று எண்ணுவதும் தவறு. எங்கள் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று வர்த்தமானியில் வராதவரை, நாளை ஒரு புல்டோசர் வந்தால் தடுப்பதற்கு அயலவரின் குரலைத் தவிர வேறொன்றும் இல்லை.

பழைய இரும்புக்காரர் முதலில் வரும்போது

மறுபயன்பாடு என்றவுடன் திருமண மண்டபம், விடுதி, நூதனசாலை என்ற மூன்றைத் தாண்டி யோசனை போவதில்லை. வேலை தொடங்கப் பணம் வேண்டும் என்று இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு சுவரில் தொங்கவிட ஒரு பழைய படத்தைத் தேடி அலைகிறார்கள். மலையகத்தில் கந்தப்பளைத் தேயிலைத் தொழிற்சாலையை விடுதியாக்கியவர்கள், கொழுந்து வாட்டிய மேல்மாடிகளை அறைகளாக்கினார்கள், இயந்திரத்தையும் சக்கரங்களையும் நடுவிலேயே விட்டுவைத்தார்கள். 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை தேயிலை நூதனசாலையானபோது காட்சிக்கு வந்தவையும் பழைய உருளைகளும் எஞ்சின்களும்தான். உள்ளே நுழைகிறவருக்கு இங்கே என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு ஏற்ற வழி இன்னும் எளியதாக இருக்கலாம். 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேயே தொடங்கினார்கள். படிப்பு நடந்த இடத்தில் படிப்பு தொடர்ந்தது. தொழில் நடந்த இடத்தில் தொழில் தொடர்ந்தால் கட்டடத்தை அதிகம் வெட்டிக் கொத்த வேண்டியிருக்காது. உயரமான கூரை, அகன்ற கதவு, பாரம் தாங்கும் தரை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. வலை பொத்தவும், படகு எஞ்சின் பழுது பார்க்கவும், பனையோலை வேலைக்கும், பழச்சாறு போத்தலில் அடைக்கவும் இடம் தேடி அலைகிற சங்கங்கள் எத்தனை? அவர்களிடம் பெரிய பணம் இல்லை. ஆனால் கட்டடத்தைத் தினமும் திறந்து கூட்டித் துடைக்கிற கைகள் இருக்கின்றன. பூட்டி வைத்த கட்டடத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

எந்த வழியானாலும் ஒன்றைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள். துப்புரவு செய்வதற்கு முன்பே படம் எடுங்கள். குப்பை, ஒட்டடை, சுவரில் பென்சிலால் எழுதிய கணக்கு, ஆணியில் தொங்கும் சாக்கு என்று எதையும் விலக்காமல் எடுங்கள். ஐஸ் தொழிற்சாலையின் கதவு நிலையில் நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாக நூற்றுக்கணக்கான கீறல்கள் இருந்தன. லொறிக்கு ஏற்றிய கட்டிகளின் எண்ணிக்கை அது. பெயின்ற் அடிக்க வந்தவர்கள் அரத்தாளால் தேய்த்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு படம், அதுவும் அளவு நாடாவைக் காட்ட எடுத்தது. கீறல்களில் பாதி அதன் ஓரத்தில் தெரிகின்றன.

அந்தக் கட்டடத்தில் இப்போது கீழ்ப்பகுதியைக் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று எழுத்து ஒப்பந்தத்தோடு எடுத்திருக்கிறது. காலையில் வலை பொத்துகிறார்கள், பின்னேரத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். மேற்குச் சுவரின் சீமெந்தைக் கையுளியால் மெல்லக் கொத்தி எடுத்துவிட்டோம். சனிக்கிழமை தோறும் ஒருவர் உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி, ஒரு பால்மாத் தகரத்தில் சேர்க்கிறார். போன பங்குனி மாதத்தில் தகரம் முக்கால்வாசி நிறைந்தது. இந்தப் பங்குனியில் கால்வாசிக்கும் குறைவு. சுண்ணாம்பு நீற்றித் தொட்டியில் ஊறுகிறது. பூசும் நாளை ஐயா சொல்வதாக இருக்கிறார்.